காற்றில் தண்ணீர் தெளிப்பதற்குக் காப்புரிமையா? மாங்குளத்து அரிசி ஆலைத் தம்பிக்கு ஒரு பதில்

மாங்குளம் பக்கம் அரிசி ஆலை நடத்தும் ஒரு தம்பி கேட்டிருந்தார். சோழகக் காலத்து மத்தியான வெக்கையில் அவர்களுடைய ஜெனரேற்றர் திணறுகிறதாம். காற்று உள்ளே போகிற வாயில் தண்ணீரைப் பனிமூட்டம்போல அடித்தால் இயந்திரம் நன்றாக இழுக்கும் என்று யாரோ சொல்ல, இணையத்தில் தேடியிருக்கிறார். தேடியபோது கண்ணில் பட்டது ஒரு அமெரிக்க வழக்கு. டர்பைனுக்குள் போகும் காற்றில் தண்ணீர்த் துளி கலக்கும் முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த டவ் கெமிக்கல் என்ற இரசாயன நிறுவனம், மீ இன்டஸ்ட்ரீஸ் என்ற பனிமூட்டக் கருவி நிறுவனத்தின் மீதும் புளோரிடா பவர் என்ற மின் நிறுவனத்தின் மீதும் போட்ட வழக்கு அது. "காத்தில தண்ணி தெளிக்கிறதுக்கெல்லாம் உரிமை குடுப்பினமா அண்ணை? நாங்கள் செய்தால் எங்களையும் பிடிப்பினமா?" என்பதுதான் கேள்வி.

தம்பி, உங்களை யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் செய்ய நினைப்பது அந்த ஜெனரேற்றருக்குச் சரியான மருந்தும் இல்லை. இரண்டையும் விளங்கப்படுத்தக் கொஞ்சம் நீட்டிக் கதைக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பதினொரு வருடம் வளைகுடா நாடுகளில் வாயு டர்பைன் நிலையங்களில் பராமரிப்பு வேலை பார்த்தவன், இந்தத் துளிகளோடு மல்லுக்கட்டியே அதில் பாதிக் காலம் போனது.

முதலில் தண்ணீர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆடி ஆவணியில் சோழகம் அடிக்கும்போது வீட்டு மண்பானைத் தண்ணீர் பல் கூசுகிற அளவுக்குக் குளிர்ந்திருக்கும். அதே பானை, அதே திண்ணை, கார்த்திகை மாரியில் அதே தண்ணீரை வாயில் வைத்தால் அந்தக் குளிர்ச்சி இருக்காது. சோழகக் காற்று காய்ந்த காற்று, பானையின் தோலில் கசிகிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும், அப்படி ஆவியாகிற ஒவ்வொரு சொட்டும் பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மாரிக் காற்றுக்கு ஏற்கனவே வயிறு நிரம்பிவிட்டது, அதற்கு மேல் அது குடிக்காது. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ காற்றை 10 பாகை குளிர்விக்கப் பத்து கிலோஜூல் போதும். அதாவது வெறும் 4 கிராம் தண்ணீர், ஒரு தேக்கரண்டிகூட இல்லை. இவ்வளவு சின்னச் செலவில் இவ்வளவு பெரிய வேலை நடப்பதால்தான் இதன் பின்னால் இவ்வளவு காசும் இவ்வளவு வழக்கறிஞர்களும்.

வாயு டர்பைன் என்பது காற்றை அமுக்கி, அதில் எரிபொருளை எரித்து, அந்தச் சூட்டு வாயுவால் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் எடுப்பது. அது வெக்கைக்கு மிகவும் பயந்த இயந்திரம். அது ஒரு நொடியில் விழுங்கும் காற்றின் கன அளவு ஏறக்குறைய மாறாது. காற்று சூடானால் ஐதாகிவிடும், அதே கன அளவுக்குள் எடை குறைந்துவிடும், எடை குறைந்தால் மின்சாரமும் குறையும். இதற்கு மேல் இன்னொரு அடியும் இருக்கிறது: டர்பைன் சக்கரம் எடுத்துத் தரும் சக்தியில் பாதிக்கு மேல், சிலவற்றில் மூன்றில் இரண்டு பங்கு, முன்னால் இருக்கும் கம்பிரசர் காற்றை அமுக்குவதற்கே தின்றுவிடுகிறது, சூடான காற்றை அமுக்க அது இன்னும் கூடத் தின்னும். இயந்திரத்தின் பெயர்ப்பலகையில் இருக்கும் எண் 15 பாகை வெப்பநிலைக்கு எழுதியது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் அரை வீதத்திலிருந்து ஒரு வீதத்துக்குக் கிட்டச் சக்தி போகும். எல்லோரும் ஏசியைப் போடுகிற, மின்சாரம் மிக அதிகமாக வேண்டியிருக்கிற அதே இரண்டு மணி வெயிலில்தான் இயந்திரமும் சோர்ந்து போகும்.

சரி, தண்ணீர் தெளித்தால் எவ்வளவு குளிரும்? அது இடத்தைப் பொறுத்தது. வன்னியில் சோழகக் காலத்து ஒரு மத்தியானத்தை 35 பாகை, ஈரப்பதன் 40 வீதம் என்று வைத்துக்கொண்டால், காற்றை 24, 25 பாகை வரைக்கும் இறக்கலாம். கொழும்புக் கரையில் 32 பாகை, 75 வீதம் என்றால் 28க்குக் கீழே போகாது, நான்கு பாகைதான் லாபம். வளைகுடாவின் உள்நிலத்தில் 45 பாகை, 10 வீதம் இருக்கும்போது 21 வரைக்கும் இறங்கும். நான் முதல் தடவை அதைக் கண்டபோது வெப்பமானி பழுது என்றே நினைத்தேன். நம் நாட்டின் வாயு டர்பைன்கள் நிற்பது களனிதிஸ்ஸவிலும் கெரவலப்பிட்டியவிலும், இரண்டும் கடற்கரை ஈரக் காற்று. தெளித்துக் குளிர்விப்பதற்கு அவற்றைவிட மாங்குளத்துக் காற்று எவ்வளவோ மேல், என்ன, வன்னியில் வாயு டர்பைன் இல்லை.

இப்போது வழக்குக்கு வருகிறேன். இதை விளங்கிக்கொள்ள ஒரு கோட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: துளி எங்கே காய்ந்து முடிகிறது என்ற கோடு.

காற்று வரும் குழாயிலேயே துளி முழுவதும் ஆவியாகி, குளிர்ந்த காற்று மட்டும் கம்பிரசருக்குள் போனால் அது வெறும் உள்காற்றுக் குளிர்விப்பு. மண்பானைக் கதைதான். காற்று குடிக்கக்கூடிய அளவுக்கு மேல் தெளித்தால், மிச்சத் துளிகள் காயாமல் கம்பிரசருக்குள்ளேயே போகும். உள்ளே காற்று அமுக்கப்பட்டுச் சூடாகச் சூடாக அந்தத் துளிகள் அங்கே ஆவியாகும், அமுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சூட்டைப் பறிக்கும், அதனால் கம்பிரசர் தின்னும் சக்தி குறையும். இதை ஈர அமுக்கம் என்று சொல்லலாம். காற்று ஏற்கனவே நிரம்பியிருந்தாலும் இது வேலை செய்யும், ஆகவே கொழும்பு மாதிரியான இடத்துக்கும் உதவும். டவ் நிறுவனத்தின் இரண்டு காப்புரிமைகளும், 1999 பெப்ரவரியில் ஒன்றும் ஓகஸ்டில் மற்றதுமாக வெளிவந்தவை, பேசுவது கோட்டுக்கு அந்தப் பக்கத்தை, அதாவது இந்த ஈர அமுக்கத்தை.

ஆனால் அதுவும் புதிதில்லையே என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. ஜெட் இயந்திரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பலம் கூட்டுவதை 1940களிலேயே ஆராய்ந்தார்கள். 1950களின் பி-52 குண்டுவீச்சு விமானங்களும் முதல் போயிங் 707களும் மேலெழும்பும்போது இயந்திரத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டுதான் எழும்பின. பனிமூட்டம் செய்யும் கலையும் பழையதுதான். 1970இல் ஒசாக்கா உலகக் கண்காட்சியில் ஒரு முழு மண்டபத்தையே செயற்கைப் பனிமூட்டத்தால் மூடினார் புஜிகோ நகாயா என்ற ஜப்பானியக் கலைஞர். அதற்கு நொசில், அதாவது தண்ணீரைத் துளியாகச் சீறவிடும் துளைமுனை, செய்து கொடுத்தவர் மேக இயற்பியல் அறிந்த தாமஸ் மீ. வழக்கில் மாட்டிய அதே மீ நிறுவனத்தின் ஆள்தான் அவர். ஒரு கலைப்படைப்புக்காகச் செய்த நொசிலின் வழிவந்தது மின் நிலையத்துக்குள் போய்ச் சேர்ந்தது எனக்கு இன்றைக்கும் பிடித்த கதை.

பிறகு எப்படி 1999இல் காப்புரிமை கொடுத்தார்கள்? இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள். காப்புரிமைப் பத்திரத்தின் தலைப்பை வாசித்துவிட்டு "ஐயோ, தண்ணீர் தெளிப்பதையே பிடித்துவிட்டான்" என்று நினைக்கிறார்கள். தலைப்பு ஒன்றையும் பிடிக்காது. படமும் நீண்ட விளக்கமும்கூட அப்படித்தான், அவை கோரிக்கையை விளங்கிக்கொள்ள மட்டும் உதவும். கடைசியில் இலக்கமிட்டு எழுதியிருக்கும் உரிமைக் கோரிக்கைகள்தான் வேலி. ஒவ்வொரு கோரிக்கையிலும் நாலைந்து அம்சங்கள் சேர்ந்திருக்கும், அத்தனையும் உங்கள் கருவியில் இருந்தால்தான் நீங்கள் வேலிக்குள் கால் வைத்ததாக அர்த்தம், ஒன்று குறைந்தாலே பெரும்பாலும் வெளியேதான். காணி உறுதியில் "மாங்குளத்தில் ஒரு காணி" என்று மட்டும் எழுதியிருந்தால் யாருக்கும் பிரயோசனமில்லை, வடக்கே வாய்க்கால், கிழக்கே இன்னாரின் வேலி என்று எல்லை எழுதினால்தான் அது உறுதி. இதுவும் அப்படியே.

டவ் பத்திரங்களை வாசித்தால், தண்ணீரைக் கலப்பது மட்டும் அங்கே விஷயமாக இல்லை என்பது தெரியும். வெப்பத்தால் உலோகத்துக்குள் ஏறும் இறுக்கத்தை, அதாவது தகைப்பை, அடக்கிவைக்கத் தண்ணீரின் அளவைப் படிபடியாகக் கூட்டுவது, குறைப்பது, இயந்திரத்தின் உடல் கோணுகிறதா என்று லேசர்க் கதிர் வைத்துப் பார்ப்பது, காற்றைத் தள்ளும் தகடுகளான அலகுகள் தேயாமல் காப்பது என்று போகும். இது வேலை தெரிந்தவர்கள் எழுதியது. பெரிய டர்பைன் ஒன்றில் திடீரென்று ஏராளம் தண்ணீரைத் திறந்துவிட்டால் வெளிக்கூடு ஒரு வேகத்திலும் உள்ளே சுழலும் பாகம் இன்னொரு வேகத்திலும் சுருங்கும், அலகின் நுனி கூட்டில் உரசும். அந்தப் பயத்தோடு வேலை செய்தவனுக்குத்தான் படிபடியாகத் திறக்கிற அருமை தெரியும். ஆகவே வழக்கில் சண்டை "தண்ணீர் தெளிக்கலாமா" என்பதில் இல்லை, பழைய அறிவு எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது, எதிர்த் தரப்பின் நொசில் வரிசை அந்த வேலிக்குள் வருகிறதா என்பதில்தான்.

இன்னொன்று, கருவியை விற்றவர் ஒருவர், அதை ஓட்டியவர் இன்னொருவர். செயல்முறைக்கு எடுத்த காப்புரிமையை நேரடியாக மீறுவது இயந்திரத்தை ஓட்டுகிறவர்தான். ஆனால் தெரிந்துகொண்டே மீறத் தூண்டினால் விற்றவரும் பொறுப்பு. மின் நிறுவனமும் நொசில் நிறுவனமும் ஒன்றாக நின்றது இதனால்தான்.

2003இல் காப்புரிமை மேன்முறையீடுகளைக் கேட்கும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சுற்று நீதிமன்றம் இந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்த நாட்டு வழக்கறிஞர்கள் இன்றைக்கும் அதை மேற்கோள் காட்டுவது டர்பைனுக்காக இல்லை, நட்டஈட்டுக்காக. டவ் கொண்டுவந்த நிபுணரின் சாட்சியத்தைக் கீழ் நீதிமன்றம் ஏற்காமல் விலக்கிவிட்டது, நிபுணர் இல்லை ஆகவே நட்டஈடும் நிரூபிக்கப்படவில்லை என்று முடித்துவிட்டது. மேல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மீறல் நடந்திருந்தால் நியாயமான உரிமைத்தொகைக்கு, அதாவது அனுமதி கேட்டு வாங்கியிருந்தால் கொடுத்திருக்கக்கூடிய தொகைக்கு, குறையாமல் கொடுக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, நிபுணர் இல்லாவிட்டாலும் பதிவில் இருக்கிற மற்றச் சான்றுகளை அந்தத் தொகையைக் கணிக்க 1970ஆம் ஆண்டு ஜோர்ஜியா-பசிபிக் வழக்கு வகுத்த அம்சங்களின்படி பார்த்திருக்க வேண்டும் என்றது.

இதை நம் வயலில் வைத்துப் பாருங்கள். உங்கள் வயலை ஒருவர் கேட்காமல் ஒரு போகம் விதைத்து வெட்டிவிட்டார். விளைச்சல் எவ்வளவு என்று மதிப்பிட நீங்கள் கூட்டிவந்த ஆளின் கணக்குப் பிழை என்று தள்ளிவிட்டார்கள். அதற்காகக் குத்தகை பூச்சியமா? பக்கத்து வயல் என்ன குத்தகைக்குப் போகிறது, போன வருடம் உங்கள் வயலே என்ன குத்தகைக்குப் போனது என்று பார்த்தால் ஒரு நியாயமான எண் வரும்தானே. அந்தத் தீர்ப்பில் எனக்குப் பிடித்தது இதுதான். நிபுணருக்குக் காசு கொட்டிக் கொடுக்க முடியாத சின்னக் கண்டுபிடிப்பாளருக்கும் இது ஒரு பிடிமானம்.

இனி உங்கள் பயத்துக்கு வருவோம். காப்புரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி. அமெரிக்காவில் எடுத்தது அமெரிக்காவுக்குள் மட்டும் செல்லும். இலங்கையில் ஒன்றைத் தடுக்க வேண்டுமானால் இங்கே, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி எடுத்திருக்க வேண்டும். அடுத்தது காலம். விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்தான் ஆயுள், அங்கேயும் இங்கேயும். 1999இல் வெளிவந்த அந்த இரண்டு பத்திரங்களின் காலமும் முடிந்துவிட்டது. இன்றைக்கு அமெரிக்காவிலேயே அதில் எழுதியிருப்பதை யாரும் எடுத்துச் செய்யலாம்.

இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பிள்ளைகள் காப்புரிமைப் பத்திரத்தை ஒரு தடைப்பலகையாகத்தான் பார்க்கிறார்கள். அது உண்மையில் ஒரு பண்டமாற்று. "எப்படிச் செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதித் தருகிறேன், அதற்குப் பதிலாக 20 வருடம் எனக்கு மட்டும் விடு" என்பதுதான் ஒப்பந்தம். 20 வருடம் முடிந்ததும் அது பொதுச் சொத்து, இரணைமடுக் குளத்துத் தண்ணீர் மாதிரி, வாய்க்கால் வெட்டத் தெரிந்தவனுக்குப் பாயும். டவ் காப்புரிமையில் இருக்கிற வேலை நுணுக்கத்தை என் காலத்தில் ஒரு பாடப்புத்தகத்திலும் நான் காணவில்லை. அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் வாரத்துக்கு ஒரு காலாவதியான காப்புரிமையை எடுத்துக் கூடியிருந்து வாசித்தால், நாலு வருடத்தில் அவர்கள் கைக்கு வரும் அறிவை நினைத்துப் பார்க்கிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. அதே நேரம் நீங்களே புதிதாக ஒன்றைச் செய்தால், விண்ணப்பம் போடமுன் முகநூலில் படம் போடாதீர்கள், உலகுக்குத் தெரிந்துவிட்ட ஒன்றைப் புதியது என்று பிறகு நிறுவுவது கஷ்டம்.

சரி, சட்டம் விடும். இயந்திரம் விடுமா?

நீங்கள் வயலுக்கு மருந்தடிக்கிற மெசினை எடுத்துக் காற்று வாயில் கட்டலாம் என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். அந்த மெசினில் வரும் துளி பெரும்பாலும் 100 மைக்ரோனுக்கு மேல் (ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்றுதான் மைக்ரோன்), பயிரில் படிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். டர்பைனுக்கு வேண்டியது 20 மைக்ரோனுக்குக் கீழே, தலைமயிரின் தடிப்பில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. 200 மைக்ரோன் துளி ஒன்றை உடைத்து 10 மைக்ரோன் துளிகளாக்கினால் 8,000 துளி வரும், மேற்பரப்பு இருபது மடங்காகும். துளி காய எடுக்கும் நேரம் விட்டத்தின் வர்க்கத்தோடு ஓடுகிறது, ஆகவே விட்டம் இருபதில் ஒன்றானால் நேரம் நானூறில் ஒன்று. குழாய்க்குள் காற்று நிற்பதே ஒன்றிரண்டு நொடிதான், பெரிய துளி அதற்குள் காயாது. இந்தச் சின்னத் துளியைப் பெற ஏறக்குறைய 140 பார் அமுக்கத்தில் தண்ணீரை 0.15 மில்லிமீற்றர் துளைக்குள்ளால் தள்ளி, முன்னால் இருக்கும் ஒரு ஊசி முனையில் அடித்துச் சிதற வைக்கிறார்கள். தோளில் போடுகிற மருந்து மெசினில் வருவது நாலு பார் இருந்தால் பெரிய விஷயம்.

அப்புறம் தண்ணீரின் தரம். உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியைப் பாருங்கள், வெள்ளையாக ஒரு படை இருக்கும். நம் கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற கல்சியம், மக்னீசியம். துளி ஆவியாகும்போது தண்ணீர்தான் போகும், உப்புப் போகாது, அது அப்படியே அலகில் ஒட்டும். சோடியம் சூடான பகுதிக்குப் போனால் உலோகத்தையே அரிக்கும். டர்பைனுக்குக் கனிம நீக்கம் செய்த தண்ணீர் மட்டும்தான் விடுவார்கள், ஊரில் குடிப்பதற்கு எடுக்கும் ஆர்ஓ தண்ணீர்கூட அதற்குப் போதாது.

நான் வேலை செய்த ஓரிடத்தில் தண்ணீர்த் தரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிழை வேறு. குழாயின் சுவரில் பட்ட துளிகள் ஒன்றுசேர்ந்து வழிந்து தரையில் தேங்குமல்லவா, அதை வெளியேற்றும் வடிகால் அடைத்திருந்ததை ஒரு பருவம் முழுக்க யாரும் பார்க்கவில்லை. தேங்கிய தண்ணீர் பெரிய பெரிய சொட்டாக உறிஞ்சப்பட்டு முதல் வரிசை அலகுகளில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இயந்திரத்தைத் திறந்த அன்று அலகின் முன்விளிம்பை விரலால் தடவினேன், பனைமட்டைக் கருக்கு மாதிரி இருந்தது. அந்தத் தொடுகை இன்னும் விரலில் இருக்கிறது. அந்த வரிசையை மாற்றத்தான் வேண்டியிருந்தது. அடைத்திருந்த வடிகாலின் விட்டம் என் கைப்பெருவிரல் அளவுதான்.

உங்களுடையது டர்போ வைத்த டீசல் இயந்திரம் என்று எழுதியிருக்கிறீர்கள். டர்போவில் காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் தள்ளும் சக்கரம் மெல்லிய அலுமினியம், நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழல்வது, பெரிய துளி பட்டால் அது தாங்காது. அதற்குப் பின்னால் காற்றைக் குளிர்விக்கும் கருவியும் இருந்தால், முன்னால் தெளித்துக் கிடைக்கும் லாபமும் சின்னதாகிவிடும். ஆகவே காற்று வாய்க்குத் தண்ணீர் வேண்டாம். முதலில் ரேடியேற்றரைக் கழற்றி உமித்தூசியைக் கழுவுங்கள். அரிசி ஆலைகளில் நான் கண்ட பாதிக் கோளாறு அங்கேதான். ரேடியேற்றர் வெளியே தள்ளும் சூடு திரும்ப அதே அறைக்குள் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் ஒரு தகரக் குழாய் வைத்து வெளியே விடுங்கள். காற்று எடுக்கும் வாயை நிழல் பக்கத்துக்கு, முடிந்தால் வேப்பமரத்துப் பக்கத்துக்கு, உமித்தூசி எட்டாத உயரத்துக்கு மாற்றுங்கள். இவ்வளவுக்கும் ஒரு மேசன், ஒரு ஒட்டுவேலைக்காரர், இரண்டு நாள்.

இவ்வளவும் செய்த பிறகும் அறைக் காற்றைக் குளிர்விக்க வேண்டுமென்று தோன்றினால், நொசில் வாங்கமுன் இரண்டு வெப்பமானி வாங்குங்கள். ஒன்றின் குமிழில் ஈரத் துணித்திரியைச் சுற்றி, திரியின் மறுநுனியைத் தண்ணீரில் விட்டு, இரண்டையும் ஆலை வாசலில், வெயில் படாமல், காற்றுப் படும்படி தொங்கவிடுங்கள். ஈரத் துணி சுற்றியது, தண்ணீர் தெளித்தால் காற்று எதுவரைக்கும் குளிரலாம் என்பதைக் காட்டும். பத்து நாளைக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு இரண்டு எண்ணையும் குறித்து அனுப்புங்கள். இரண்டுக்கும் நடுவில் எட்டுப் பாகைக்கு மேல் இருந்தால் மேற்கொண்டு கதைப்போம், அதற்குக் குறைவென்றால் காசைச் செலவழிக்காதீர்கள்.